அகலக்கால் வைக்கும் விசிறி



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "நாட்டு முன்னேற்றத்தில் இளைஞர் பங்கு" என்று ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எழுதலாம்தான். ஆனால் அந்தத் தலைப்பில் எழுத நம் கல்லூரியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் ஒரு சின்னப் பொருளைப் பற்றி எழுதப் போகிறேன். வள்ளத்தின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரின் புரொப்பல்லர். எங்க ஊரில் விசிறி என்போம். இரண்டு உள்ளங்கையை விரித்து வைத்தால் அதை மறைத்துவிடலாம். அவ்வளவு சின்னது! ஆனால் அதைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் ஒரு குடும்பத்தின் வருமானத்தையே அது கடலில் கரைத்துவிடும். எங்க வீட்டில் கரைத்தது.

எங்க அப்பாவுக்கு ஒரு ஃபைபர் வள்ளம். 9.9 குதிரைச் சக்தி மோட்டார். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவது. வள்ளத்தில் அப்பாவோடு இன்னும் மூன்று பேர் போகிறார்கள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பாரில் அடிபட்டு மோட்டாரோடு வந்த விசிறி ஒடிந்து போச்சு. டவுனில் ஒரு கடையில் புதுசு வாங்கினார். கடைக்காரர் பெரிய எண் போட்ட விசிறியைக் கொடுத்து, "இது நல்லா இழுக்கும். பக்கத்து ஊரு வள்ளத்துக்கும் இதத்தான் போட்டேன், பறக்குது" என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கத்து ஊர் வள்ளம் இரண்டு பேர் போகிற சின்ன வள்ளம் என்பதை அவரும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

அப்புறம் என்ன? எண்ணெய்ச் செலவு ஏறியது. பிளக் அடிக்கடி கரி பிடித்தது. எட்டாம் மாதம் பிஸ்டன் ரிங் ஒட்டிப்போய் சிலிண்டரில் கீறல் விழுந்தது. நல்ல மீன்பாடு இருந்த நாட்களில் 11 நாள் வள்ளம் கரையில் கிடந்தது. என் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருந்த பணம் மோட்டாருக்குப் போனது. கட்டணத்தை அபராதத்தோடு கட்டினேன். எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அதுவும் மெக்கானிக்கல்! என் வீட்டு மோட்டார் எதனால் கெட்டது என்று எனக்கே அப்போது தெரியவில்லை. இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்த வெட்கம்தான்.

பிட்ச் என்றால் என்ன?

விசிறியின் குடத்தில் இரண்டு எண் பொறித்திருக்கும். எங்க பழைய விசிறியில் 9¼ × 8. முதல் எண் விட்டம். இரண்டாவது எண் பிட்ச். இரண்டும் அங்குலத்தில். வெண்ணெய்க் கட்டியில் திருகாணி ஏறுவதுபோல, வழுக்காமல் போனால் ஒரு சுற்றுக்கு விசிறி எத்தனை அங்குலம் முன்னே போகும் என்பதுதான் பிட்ச். 8 என்றால் 8 அங்குலம்.

நமக்கு இதில் ஒரு குழப்பம் வரும். ஒர்க்‌ஷாப்பில் மரை வெட்டும்போது ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் உள்ள தூரத்தைத்தான் பிட்ச் என்று படிக்கிறோம். ஒரு சுற்றில் முன்னேறும் தூரத்துக்கு லீட் என்று பெயர். மூன்று இதழ் விசிறி என்பது மூன்று தொடக்கம் உள்ள மரை மாதிரி. ஆகவே விசிறிக்காரர்கள் பிட்ச் என்று சொல்வது நம்ம புத்தகத்தின் லீட். இது புரிந்தால் பாதி புரிந்த மாதிரி.

அப்பா புதுசாக வாங்கியது 9¼ × 10½. விட்டம் அதேதான். பிட்ச் மட்டும் 2½ அங்குலம் கூட. கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. மையத்திலிருந்து 70 சதவீத ஆரத்தில் இதழின் சாய்வைக் கணக்கிட்டால், 8க்கு சுமார் 21½ டிகிரி, 10½க்கு சுமார் 27 டிகிரி வரும். ஆறு டிகிரிகூட வித்தியாசம் இல்லை! அந்த ஆறு டிகிரிதான் எங்க மோட்டாரைத் தின்றது.

எப்படி என்றால், டாப் கியரில் மேம்பாலம் ஏறுகிற டவுன் பஸ்ஸை நினைத்துக் கொள்ளுங்கள். ஆள் நிறைய, படியில் தொங்கல் வேறு. டிரைவர் ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்துகிறார். பஸ் உறுமுகிறது, ஏறமாட்டேன் என்கிறது. பிட்ச் அதிகமான விசிறி மோட்டாருக்கு டாப் கியர். வள்ளத்தில் நாலு பேர், வலை, ஐஸ், எண்ணெய், திரும்பும்போது மீன். திராட்டில் முழுக்கத் திறந்திருக்கும். எண்ணெயும் காற்றும் முழுசாக உள்ளே போகும். ஆனால் சுற்று ஏறாது. சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் கூடும், கரி படியும், நாக்கிங் வரும். மண்ணெண்ணெய்க்கு நாக்கிங் சீக்கிரம் வரும் என்பது நாம் படித்ததுதான். ஒரே நாளில் எதுவும் உடையாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். அதனால்தான் யாரும் விசிறியைச் சந்தேகப்படுவதில்லை.

பிட்ச் ரொம்பக் குறைந்தாலும் கெடுதல்தான். அப்போது ஃபர்ஸ்ட் கியரில் மெயின்ரோட்டில் ஓட்டுவதுபோல மோட்டார் எல்லை தாண்டிச் சுற்றும். ஆக, பெரியதும் நல்லதில்லை, சின்னதும் நல்லதில்லை. அந்த வள்ளத்துக்கு, அந்தச் சுமைக்கு எது பொருத்தமோ அதுதான் நல்லது.

எண் சொன்ன செய்தி

மோட்டாரைப் பிரித்துச் சேர்த்த பிறகு அதே விசிறியைத்தான் மறுபடி மாட்டினார்கள். அப்போது விடுமுறையில் வீட்டில் இருந்த நான் கையேட்டைப் புரட்டினேன். முழு திராட்டிலில் மோட்டார் நிமிஷத்துக்கு 4500 முதல் 5500 சுற்றுக்குள் ஓட வேண்டும் என்று போட்டிருந்தது. அது ஓடுகிறதா என்று ஒருநாளும் யாரும் பார்த்ததில்லை. பார்க்க எங்களிடம் கருவியும் இல்லை. பிளக் வயரில் சுற்றி வைத்துப் பார்க்கும் சின்ன டேக்கோமீட்டர் ஒன்றை ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஒரு நாளைக்கு இரவல் வாங்கினேன்.

காத்து அடங்கியிருந்த ஒரு காலையில், தொழிலுக்குப் போகும் முழுச் சுமையோடு, அப்பா திராட்டிலை முழுக்கத் திறந்தார். எண் 4050ல் நின்றது. அதற்கு மேல் ஏறவே இல்லை. ஜிபிஎஸ்ஸில் வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர்.

அடுத்த நாள், மோட்டார் பழுதாகி வள்ளத்தைக் கரையேற்றி வைத்திருந்த பெரியப்பாவிடம் 9¼ × 8 விசிறியை இரவல் வாங்கி மாட்டினோம். அதே ஆட்கள், அதே சுமை. எண் 4800. வேகம் 13 கிலோமீட்டர்.

காகிதத்தில் கணக்குப் போட்டால் தலைகீழாக வரும். எங்க மோட்டாரில் கியர் விகிதம் 2.08. அதாவது மோட்டார் 2.08 சுற்று சுற்றினால் விசிறி ஒரு சுற்று. 10½ பிட்சும் 4050 சுற்றும் வைத்தால் மணிக்கு 31 கிலோமீட்டர் போக வேண்டும். 8 பிட்சும் 4800 சுற்றும் வைத்தால் 28தான். காகிதத்தில் பெரியது ஜெயிக்கிறது. தண்ணீரில் சின்னது ஜெயிக்கிறது! நடுவில் இருப்பது ஸ்லிப் என்கிற வழுக்கல். தண்ணீர் வெண்ணெய்க் கட்டி இல்லையே, பின்னால் நழுவும். பெரிய விசிறி 100 பங்கில் 61 பங்கை வழுக்கலில் விட்டது. சின்ன விசிறி 54 பங்கை விட்டது. கனமான, மெதுவாகப் போகும் வள்ளத்துக்கு வழுக்கல் இப்படி அதிகமாகத்தான் இருக்கும். அதை மறந்து, பிட்ச் கூடினால் வேகம் கூடும் என்று நம்புவதுதான் தப்பு.

எனக்கு ஒரே பெருமை. "பாத்தீங்களாப்பா, நான் சொன்னேம்லா" என்றேன். அப்பா சொன்னது இன்னமும் காதில் இருக்கிறது.

"ஏல, நீ என்னத்தச் சொன்ன? புது விசிறி போட்ட அன்னைக்கே மோட்டாரு மூச்சு முட்டுதுன்னு கடைக்காரன்ட்ட சொன்னவன் நானு. 'புதுசு, பழகணும்'னுட்டான். நான் படிக்காதவன், வாய மூடிட்டு வந்துட்டேன்."

நண்பர்களே, நான் வாயடைத்துப் போனேன். இருபது வருஷமாக மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்த காதுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. கடைக்கார மேசைக்கு முன்னால் அந்தக் காதுக்கு மதிப்பில்லை. 4050 என்ற எண்ணுக்கு மதிப்பு இருக்கிறது. நாம் வாங்கப் போகிற டிப்ளமோவின் வேலை அவர்களுக்குப் புதுசாகச் சொல்லிக் கொடுப்பது என்று நினைத்துக் கொண்டிருந்தேன். இல்லை. அவர்களுக்குத் தெரிந்ததற்கு எண் கொடுப்பதுதான் முதல் வேலை. அந்த எண் கையில் இருந்தால் எந்தக் கடையிலும் எங்க அப்பா நிமிர்ந்து பேசலாம்.

மறுப்புகளும் பதிலும்

இதை நான் விடுதியில் சொன்னபோது நண்பர்கள் மறுப்புச் சொன்னார்கள். "சுற்று குறைந்தால் எண்ணெயும் குறையுமே, அப்புறம் எப்படி நஷ்டம்?" என்றான் ஒருவன். நியாயமான கேள்வி. சுமை குறைந்த வள்ளமாக இருந்து, மோட்டார் மேல் எல்லையைத் தாண்டிச் சுற்றினால், பிட்சைக் கூட்டுவதுதான் சரி. எண்ணெயும் மிச்சமாகும். ஆனால் சுமை வள்ளத்தில் பெரிய விசிறி போட்டால் திராட்டிலைக் குறைக்கவே முடியாது. எப்போதும் முழுக்கத் திறந்தே ஓட்ட வேண்டும். இப்போது அப்பா முக்கால் திராட்டிலிலேயே பழைய 12 கிலோமீட்டரைப் பிடிக்கிறார். முன்பு கேனில் இருக்கும் 20 லிட்டரும் ஒரு நடைக்குத் தீர்ந்துவிடும். இப்போது மூன்று லிட்டர் மிச்சம் வருகிறது.

மூன்று லிட்டர்தானே என்று நினைக்காதீர்கள். எங்க கடல் தொழிலில் கணக்கு எப்படி? மீன் விற்ற காசில் முதலில் எண்ணெய்ச் செலவைக் கழிப்பார்கள். மிச்சம்தான் பங்கு. ஆகவே தப்பான விசிறிக்கு வள்ளத்துக்காரர் மட்டும் தண்டம் கட்டுவதில்லை. கூட வருகிற மூன்று பேரும் கட்டுகிறார்கள். விசிறியைத் தேர்ந்தெடுத்ததில் அவர்களுக்குப் பங்கில்லை, நஷ்டத்தில் மட்டும் பங்கு!

இன்னொருவன், "பெரிசா இருந்தா பலமா இருக்கும்ல" என்றான். இது நம்ம எல்லோருக்கும் உள்ள வியாதி. இங்கிலாந்தில் ஃபிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்பவர் 1836ல் திருகு விசிறிக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் முதலில் செய்தது இரண்டு முழுச் சுற்று நீளமுள்ள மரத் திருகு. 1837ல் லண்டன் பக்கம் ஒரு கால்வாயில் படகை ஓட்டிப் பார்த்தபோது அதில் ஒரு பகுதி ஒடிந்து விழுந்தது.  வேகம் கூடியது! மிச்சமிருந்த சின்னத் திருகே நல்லது என்று அதன் பிறகு அவர் வழியை மாற்றிக் கொண்டார். பெரிசுதான் பலம் என்ற எண்ணம் அன்றைக்கே ஒடிந்தது. நம்ம கடை மேசைகளில் மட்டும் இன்னும் ஒடியவில்லை.

இது நம்ம வள்ளத்துக்கு மட்டும் உள்ள பிரச்சினையும் இல்லை. அமெரிக்காவில் பாண்டூன் படகு என்று ஒன்று உண்டு. உருளை மிதவைகளின் மேல் தட்டையான மேடை. மினசோட்டா மாநிலத்தில் ஆம்புரோஸ் வீரெஸ் என்பவர் 1950களின் தொடக்கத்தில் இரும்புப் பீப்பாய்களை வெல்டிங் செய்து, மேலே பலகைத் தளம் போட்டு ஆரம்பித்து வைத்தது. அதில் ஏரியைச் சுற்றிப் பார்க்கக் குடும்பத்தோடு ஏறுவார்கள். வேலையே வேறு. ஆனால் சட்டம் ஒன்றுதான். மிதவைகளின் இழுவை அதிகம், ஆள் சுமை அதிகம். ஆகவே அவர்களும் வேகப்படகின் விசிறியைத் தூக்கி அதில் மாட்டுவதில்லை. பிட்ச் குறைவாக, விட்டம் கூடுதலாகப் பார்க்கிறார்கள். சிலர் நாலு இதழ் விசிறி போடுகிறார்கள். மோட்டார் கம்பெனிகளும் இதற்கென்று தனி ரகம் செய்கின்றன. மெர்க்குரியின் 60 குதிரைச் சக்தி மோட்டாரில் சாதாரண ரகத்துக்குக் கியர் விகிதம் 1.83. சுமைப் படகுக்கான ரகத்தில் 2.33. விசிறி மெதுவாகச் சுற்றும், பெரிய விட்டத்தில் தண்ணீரைத் தள்ளும். உல்லாசத்துக்கு ஏரியில் மிதக்கிறவர்களுக்கே இவ்வளவு கணக்கு என்றால், பிழைப்புக்குக் கடலுக்குப் போகிறவர்களுக்கு எவ்வளவு கணக்கு வேண்டும்?

எப்படிப் பார்ப்பது?

நம்மில் கடற்கரை ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். ஆற்றில், அணையில் படகு வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் உள்ளவர்களும் இருக்கலாம். செய்து பாருங்கள்.

முதலில் மோட்டார் கையேட்டில் முழு திராட்டில் சுற்று எல்லை என்ன என்று பாருங்கள். மோட்டாருக்கு மோட்டார் மாறும். ஊகம் வேண்டாம்.

அடுத்து, சோதனையை வெறும் வள்ளத்தில் செய்யாதீர்கள். தினமும் போகிற ஆள், வலை, எண்ணெய், ஐஸ் எல்லாம் இருக்க வேண்டும். வெறும் வள்ளத்தில் பெரிய விசிறியும் நன்றாகத்தான் ஓடும். எங்க கடைக்காரர் ஏமாந்தது அங்கேதான்.

டேக்கோமீட்டரில், மோட்டார் ஒரு சுற்றுக்கு எத்தனை பொறி அடிக்கிறது என்பதைச் சரியாக வையுங்கள். இதில் தவறினால் எண் இரட்டிப்பாகவோ பாதியாகவோ காட்டும். பிறகு அப்பாவிடமோ சித்தப்பாவிடமோ திட்டு வாங்குவது நீங்கள்தான்.

போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை வேகத்தைப் பார்த்து சராசரி எடுங்கள். நீரோட்டமும் காற்றும் ஒரு பக்கம் உதவும், மறுபக்கம் தடுக்கும்.

சுற்று கீழ் எல்லைக்கும் கீழே நின்றால் பிட்சைக் குறைக்க வேண்டும். மேல் எல்லையைத் தாண்டினால் கூட்ட வேண்டும். ஒரு அங்குலத்துக்கு 150 முதல் 200 சுற்று மாறும் என்பது பொதுக்கணக்கு. எங்க மாதிரி சின்ன விசிறியில் ஒரு அங்குலமே பெரிய பங்கு என்பதால் மாற்றம் அதைவிடக் கூடுதலாக இருந்தது. சுமையோடு எல்லைக்குள் வரும்படி வைத்துவிட்டு, வெறும் வள்ளமாக வரும்போது திராட்டிலைக் குறைத்துக் கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

கடைசியாக, விசிறியை மாற்றச் சொல்லும் முன் மற்றதையும் பாருங்கள். அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டியிருந்தாலும் சுற்று ஏறாது. குடத்துக்குள் இருக்கும் ரப்பர் புஷ் கழன்றிருந்தால் மோட்டார் வீணாகச் சுற்றும். அடிபட்டு, சுத்தியால் தட்டி, வெல்டிங் வைத்த விசிறியில் பொறித்த எண்ணை நம்பாதீர்கள். இதழ் வளைந்தால் பிட்சும் மாறிவிட்டது என்று அர்த்தம். நம்ம மெட்ராலஜி லேபில் தூசி தட்டாமல் கிடக்கும் பெவல் புரோட்ராக்டரால் சாய்வை அளந்தால் உண்மையான பிட்சைக் கணக்கிடலாம். அந்த லேபில் நாம் என்ன அளக்கிறோம்? வருஷா வருஷம் அதே இரும்புத் துண்டைத்தான்! அதன் விடையும் முந்தின வருஷ ரெக்கார்டு நோட்டிலேயே இருக்கும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஆகவே நம் மாணவர் சங்கத்துக்கு ஒன்று சொல்கிறேன். ஆண்டு விழாவுக்கு மைக் செட், சீரியல் லைட், மேடை அலங்காரம் எல்லாம் செய்கிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும்தான் ஆடுகிறேன். அதில் ஒரு பங்கை ஒதுக்கி ஒரு டேக்கோமீட்டர் வாங்குவோம். வெவ்வேறு பிட்சில் மூன்று பழைய விசிறிகளைச் சேர்ப்போம். வருஷத்துக்கு இரண்டு முறை ஒரு கடற்கரை ஊருக்குப் போவோம். மாட்டிப் பார்த்து, எண்ணை ஒரு அட்டையில் எழுதி வள்ளத்துக்காரர் கையில் கொடுப்போம். விசிறி வாங்கும் முன் மாட்டிப் பார்க்க வழி இல்லை என்பதுதான் அவர்களுடைய பெரிய கஷ்டம். சட்டை வாங்கினால்கூட அளவு பார்க்க விடுகிறார்கள். விசிறியைக் கண்ணால் பார்த்தே வாங்க வேண்டியிருக்கிறது.

போகும்போது ஒரே ஒரு நிபந்தனை. டேக்கோமீட்டரை எடுக்கும் முன்னால், "மோட்டார் சத்தம் எப்படி இருக்கு?" என்று வள்ளத்துக்காரரிடம் கேட்க வேண்டும். அவர் சொல்வதை முதலில் எழுத வேண்டும். எண்ணை அதற்குப் பக்கத்தில் எழுத வேண்டும். இரண்டும் ஒத்துப்போவதை நீங்களே பார்ப்பீர்கள்.

அகலக்கால் வைக்காதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கடன் வாங்கும்போதும் கல்யாணச் செலவு செய்யும்போதும் சொல்வது. விசிறிக்கும் அதுதான் விதி. ஒரு சுற்றுக்கு எவ்வளவு எட்டு வைக்க முடியுமோ அவ்வளவே வைக்க வேண்டும். சுமையைப் பார்த்துக் காலை வைக்கிற வள்ளம்தான் காலாகாலத்தில் கரை சேரும்.

பெரியப்பாவின் விசிறியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அப்பா தானே போய் 9¼ × 8 வாங்கி வந்தார். கடையில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நாலாயிரத்தி அம்பதுதான் சுத்துது, எட்டு குடுன்னேன். ஒண்ணும் பேசாம எடுத்துக் குடுத்துட்டான்" என்றார்.

— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை